கொன்சலின் பதிவேட்டில் ஒரு பெயர்

முப்பத்துநாலு வயதில் எனக்கு மீண்டும் மாணவியாகும் பைத்தியம் பிடித்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரெக்ஸ்டேலில் பன்னிரண்டாம் மாடியில் இருந்தோம். எனக்கு மிசிசாகாவில் வேலை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானப் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் பெரிய சமையற்கூடம். ஊரில் நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தவள். இங்கே வந்த ஆறு வருடத்தில் யாரும் என்னிடம் வரலாறு பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில், வேலைக்குப் போகிறவர்களும் படிக்கலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன்: பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமைக் காலை வகுப்புகள், வயது தடையில்லை. அடுத்த நாளே பதிந்துவிட்டு வந்துதான் கணவரிடம் சொன்னேன்.

அவர் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை செய்தார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறீர்? கம்பியூட்டர் படிச்சாலும் பரவாயில்லை."

"வேலை இருக்குத்தானே. விருப்பத்துக்குப் படிக்கிறன்."

"விருப்பத்துக்கு ஆரும் சோதினை எழுதுவினமோ?"

"நான் எழுதுவன்."

அவர் சிரித்தார். தடுக்கவில்லை.

எங்கள் பேராசிரியை உயரமான வெள்ளைக்காரப் பெண். பனிக்காலத்திலும் சைக்கிளில் வருவார். தலைக்கவசத்தை மேசையில் வைத்தவுடனேயே பேசத் தொடங்கிவிடுவார். முதல் வகுப்பில் அவர் கேட்ட கேள்வி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு நாட்டின் மேல் படையெடுக்காமல், கொடி ஏற்றாமல், ஆளுநர் ஒருவரை அனுப்பாமல் அந்த நாட்டை ஆள முடியுமா? முடியும் என்றார். அப்படி ஆளப்பட்ட துறைமுகங்களின் பெயர்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். எட்டுக் கிழமை கழித்து ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று, தமக்கு வந்த இடத்தில் அது எப்படி நடந்தது என்று விளக்க வேண்டும்.

எனக்கு வந்தது சான்சிபார்.

ஆபிரிக்காவின் கிழக்குக் கரையோரம் ஒரு தீவு, கராம்பு விளையும் இடம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று மாலைக்குள் கொஞ்சம் தெரிந்துவிட்டது. ஓமானிலிருந்து வந்த அரபுச் சுல்தான்களின் ஊர் அது. கராம்பும் யானைத் தந்தமும் அடிமைகளும் அந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான் போயின. வாணிபத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் குஜராத்தின் கச்சுப் பகுதியிலிருந்து போன வணிகர்கள். சுல்தானின் சுங்கத்தைக்கூட அவர்களில் ஒருவர்தான் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். இத்தனைக்கும் நடுவில், கடற்கரையோரம் ஒரு வீட்டில், கொன்சல் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி இருந்தார். அவரிடம் படை இல்லை. நாட்டை ஆளும் உரிமையும் இல்லை. ஆனால் ஒரு சுல்தான் இறந்து அவருடைய மகன்மார் சண்டை பிடித்தபோது, யாருக்கு எந்த நாடு என்று தீர்ப்புச் சொன்னவர் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ஆளுநர். அண்ணன்காரனுக்கு ஓமான், தம்பிக்காரனுக்குச் சான்சிபார். அவர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்!

ஏன் கட்டுப்பட்டார்கள்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ரொட்டியும் வெண்ணெயும் வைக்கும் கைகள் தம் பாட்டில் வேலை செய்ய, தலைக்குள் நான் அந்தக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன்.

வேலையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண். வீட்டில் குஜராத்தி பேசுகிறவர். அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்கள் எல்லோரும் அவரை 'அக்கா' என்றே கூப்பிட்டோம், அவருக்கும் அது பிடித்திருந்தது. அவரோடு நான் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் எனக்குள் அவருடைய பேச்சு யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன், வகுப்பில் பேசியவர்களுடையதையும்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, என்ன படிக்கிறாய் என்று அக்கா கேட்டார். சான்சிபார் என்றேன்.

வாய்க்குக் கொண்டுபோன முள்ளுக்கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"என்னத்தை?"

"நான் அங்கதான் பிறந்தனான் எண்டு."

நான் எழும்பி நின்றுவிட்டேன். மூன்று வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்கிறேன்! அவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அவரும் திருத்தவில்லை.

"இந்தியாவை நான் கண்ணாலயும் கண்டதில்லை," என்றார் அக்கா. "என்ர அப்பாவின்ர அப்பாவும் சான்சிபாரில பிறந்தவர்தான். அவருக்கு முன்னம் இருந்தவர்தான் கச்சிலயிருந்து பாய்க்கப்பலில வந்தவர். அறுபதுகளில புரட்சி நடக்கேக்க எனக்குப் பன்னிரண்டு வயசு. அதோட வெளிக்கிட்டனாங்கள்."

அரை மணித்தியால இடைவேளையில் நான் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. தெரு எப்படி இருக்கும், கதவு எப்படி இருக்கும், சுல்தானைக் கண்டிருக்கிறீர்களா? கண்டிருக்கிறார். சிவப்புக் காரில் போகும் கிழவர், பிள்ளைகளுக்குக் கை காட்டுவார். இடைவேளை முடிந்து நாங்கள் கையுறை போடும்போது அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்களிட்ட ஒரு கடுதாசி கிடக்கு. பழசு. சிங்கமும் குதிரையும் போட்ட முத்திரை. அதைக் காட்டித்தான் அப்பா எங்கள் எல்லாரையும் வெளியில எடுத்தவர் எண்டு அம்மா சொல்லுவா. அது உனக்கு உதவுமோ தெரியாது."

உதவுமோ? அன்று மீதி நேரம் நான் அடுக்கிய தட்டுகளில் என்னென்ன இருந்தன, என்னென்ன இல்லை என்று பயணிகளைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த நாள் அக்கா அதைக் கொண்டுவந்தார். தன் குடியுரிமைப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இருந்த அதே கோப்பில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அது இருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கோப்பு உண்டு. நெருப்புப் பற்றினால் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது அதைத்தான். மடிப்புகளில் கடதாசி பிய்ந்து, ஒட்டுப்போடப்பட்டிருந்தது. பாதி அச்சு, பாதி கையெழுத்து. கச்சு தேசத்தைச் சேர்ந்த இன்னார், சான்சிபாரில் வசிப்பவர், பிரிட்டிஷ் கொன்சலின் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்திருக்கிறார், ஆகவே பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உரியவர். சாரம் அவ்வளவுதான். கீழே கொன்சலின் கையெழுத்து. பின்பக்கத்தில் மங்கிய மையில் ஏழெட்டு வரிகள், எனக்குத் தெரியாத எழுத்தில்.

"பின்னால என்ன எழுதியிருக்கு?"

"பழைய வியாபாரியளின்ர எழுத்து. குஜராத்திதான், ஆனா எழுத்துக்கு மேல கீழ ஒண்டும் போடமாட்டினம். ஏதோ கணக்காயிருக்கும் எண்டு அப்பா சொன்னவர். ஒருத்தரும் வாசிக்கேல்ல."

யங் வீதியில் இருந்த பெரிய நூலகத்துக்கு நான் போகத் தொடங்கினேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு நேரே அங்கே. கொன்சல்கள் மேலிடத்துக்கு அனுப்பிய கடிதங்கள் மைக்ரோஃபிலிம் சுருள்களாக அங்கே இருந்தன. சுருளை இயந்திரத்தில் மாட்டத் தெரியாமல் முதல் நாள் அரை மணித்தியாலம் வீணாயிற்று. படம் தலைகீழாக வந்தது. நூலகத்து இளம்பெண் வந்து மாட்டிக் காட்டினார். பிறகு நான் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வெள்ளைத் திரையில் ஓடின.

நாலாம் நாள் அது கிடைத்தது.

ஒரு கொன்சல் தன் மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கை. கச்சிலிருந்து வந்த வணிகர்கள் தம்மைச் சுல்தானின் குடிகள் என்று சொல்லிக்கொள்கிறார்களாம். அது செல்லாது, அவர்கள் பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் உள்ளவர்கள், ஆகவே கொன்சலின் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும் என்று அவர் நெருக்கியிருக்கிறார். பதிந்தவர்களின் வழக்கு இனிச் சுல்தானிடம் போகாது, கொன்சலிடம் வரும். அதோடு இன்னொன்று. பிரிட்டிஷ் சட்டத்துக்கு உட்பட்டவர் அடிமை வைத்திருக்க முடியாது. இருக்கிறவர்களை விடுவிக்க வேண்டும்.

அக்காவிடம் கேட்டு எடுத்திருந்த கடதாசிப் பிரதியைக் கைப்பையிலிருந்து எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அங்கே சொன்ன பதிவு இதுதான். இவ்வளவுநாள் நான் பீரங்கியையும் போர்க்கப்பலையும் தேடிக்கொண்டிருந்தேன். அவையும் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றதுண்டுதான். ஆனால் வேலையை நடத்தியது இந்தக் கடதாசி! சுல்தானின் ஊரில் பெரிய வாணிபம் எல்லாம் யாருடைய கையில் இருந்ததோ, அவர்கள் ஒவ்வொருவராக ஒரு வீட்டுக்குப் போய்ப் பெயர் எழுதிவிட்டு வருகிறார்கள். எழுதி முடிந்தபோது சுல்தானுக்கு அரண்மனை இருக்கிறது, கொடி இருக்கிறது, அவருடைய ஊரின் பணக்காரர்கள் மட்டும் இன்னொருவருடைய ஆட்கள்.

"ஓ!" என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். நாலு மேசை தள்ளி இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் கொட்டினேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப சுல்தான் என்ன செய்தவர்?"

"என்ன செய்யிறது? பிடிக்கேல்லத்தான். ஆனா கொன்சலைப் பகைச்சால் அண்ணன்காரன் ஓமானிலயிருந்து வருவான் எண்டு பயம்."

"சரியான விளையாட்டு!" என்றார். கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டே, "அந்தக் கச்சு ஆக்களுக்கு உதில என்ன லாபம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அவர் வரலாறு பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவை வீட்டுக்கு வரச் சொன்னேன். கடதாசியின் பின்பக்கத்தை வாசித்துப் பார்ப்பது என்று முடிவு. கணவர் தேநீர் போட்டார். அக்கா யன்னலோரம் இருந்து, பூதக்கண்ணாடி பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். அந்த எழுத்துக்கு உயிர்க்குறிகள் கிடையாது. 'கம' என்றிருந்தால் வேலை என்று பொருள்படும் 'காம்' என்பதா, எப்படி என்று பொருள்படும் 'கேம்' என்பதா என்று ஊகிக்க வேண்டும். சரியான சொல் கிடைத்தபோதெல்லாம் அக்கா மேசையில் தட்டினார். நாங்கள் மூன்று பேரும் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்புகிற பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டோம்.

"இது 'சாகிப்'! 'சாகிபின்ர கட்டளைப்படி'!" என்றார்.

"கொன்சல்தான்!" என்று நான் கத்தினேன்.

"பொறு, பொறு. 'இண்டைக்கு...' இது என்ன... 'விடுதலை'. 'விடுதலை கொடுத்தேன்'."

அதன் பிறகு மூன்று பெயர்கள். அந்தக் கரையோர மொழியான சுவாகிலியில் இருந்தன, அக்கா அந்த மொழியைப் பன்னிரண்டு வயதோடு மறந்துவிட்டதால் வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஒரு பெண், அவளுடைய இரண்டு மகள்மார். அதன் கீழே: பதினொரு வருடம் எங்கள் வீட்டில் இருந்தார்கள். போகும்போது ஒரு பானையும் இரண்டு துணியும் கொடுத்தேன். அவ்வளவுதான்.

அக்கா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

"எங்கட வீட்டில வேலைக்கு ஆக்கள் இருந்தவை எண்டுதான் சொன்னவை," என்றார். "வேலைக்காரர் எண்டு. சாப்பாடு குடுத்து, பிள்ளையள் மாதிரி வைச்சிருந்ததாம்."

அக்கா கடதாசியை உறைக்குள் போட்டுக் கைப்பைக்குள் வைத்தார்.

"இதை வகுப்பில காட்டாதை. முன்பக்கத்தையும் காட்டாதை."

"ஓம் அக்கா," என்றேன்.

அவரைப் பஸ் தரிப்பு வரை கூட்டிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார். எனக்கு வகுப்பு அடுத்த சனிக்கிழமை. கடதாசி இல்லாமலே பேசலாம், நூலகத்துப் பிரதிகள் இருந்தன. ஆனால் நான் யோசித்ததெல்லாம் அக்காவைப் பற்றித்தான். ஆசைப்பட்டுத் தோண்டப் போய் ஒரு மனிசியை இப்படி நோகப் பண்ணிவிட்டேனே என்று இருந்தது.

திங்களும் செவ்வாயும் அக்கா என்னோடு அவசியத்துக்கு மட்டும் பேசினார். புதன்கிழமை காலை, நாங்கள் முடி உதிராமல் தலைவலை கட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"சனிக்கிழமை எத்தினை மணிக்கு?"

"பத்துக்கு. ஏன்?"

"நானும் வாறன். நான்தான் வாசிப்பன்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"அந்த மூண்டு பேரின்ர பேரும் எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. நான் திருப்பி உறைக்குள்ள வைச்சால் என்ர பிள்ளையளுக்கும் தெரியாது. அது சரியில்லை." பிறகு என்னை நேரே பார்த்து, "ஆனா நீ உன்ர இங்கிலிசைத் திருத்து. 'கொன்சல்' எண்டு அவ்வளவு அழுத்திச் சொல்லாதை," என்றார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். தலைவலை இரண்டும் கழன்று விழுந்தன.

சனிக்கிழமை அக்கா நீலச் சேலை உடுத்து, அதன்மேல் பெரிய குளிர்ச்சட்டை போட்டு வந்தார். வெளியில் பனி ஐஸாக இறுகிக் கிடந்தது. நாங்கள் ஆளை ஆள் பிடித்துக்கொண்டு நடந்தோம். வகுப்பில் இருபது பேர் வரை இருந்தார்கள். ஊரில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவள்தான், ஆனால் இது வேறு. முதல் இரண்டு நிமிடம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு வரைபடத்தில் துறைமுகத்தைக் காட்டி, சுல்தானின் அரண்மனையையும் கொன்சலின் வீட்டையும் சோக்கால் கரும்பலகையில் கீறினேன். சோக்கு கைக்கு வந்ததும் பயம் போய்விட்டது. நான் மறுபடியும் படிப்பிக்கிறேன்!

வணிகர்கள் ஏன் போய்ப் பதிந்தார்கள் என்று கேட்டேன். கணவர் கேட்ட அதே கேள்வி. சிலரை நெருக்கினார்கள். சிலருக்கு, வழக்கென்று வந்தால் கொன்சலின் பக்கம் நிற்பது நல்லதாகத் தெரிந்திருக்கும். ஒருவனுக்கும் நாட்டை விற்கிறோம் என்ற எண்ணம் இருந்திராது. அவரவர் தன் பாதுகாப்புக்கு ஒரு கடதாசி எடுத்தார்கள். எல்லாக் கடதாசியும் சேர்ந்தபோது சுல்தானுக்குக் கீழே நிலம் நழுவிவிட்டது. கடதாசிக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று அகதியாக வந்த எனக்குத் தெரியும், அவர்களில் யாரையும் என்னால் ஏளனம் செய்ய முடியாது என்றும் சொன்னேன். அது நான் எழுதிவைத்த குறிப்பில் இல்லை. வாயில் வந்தது.

பிறகு அக்கா எழும்பினார். முன்பக்கத்தை வாசித்தார். பின்பக்கத்தை வாசித்தார். பெயர்கள் வந்த இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து, மூன்றையும் தெளிவாகச் சொன்னார்.

வகுப்பில் கென்யாவின் துறைமுகமான மொம்பாசாவில் பிறந்த ஒருவர் இருந்தார். கிழமை நாட்களில் டாக்ஸி ஓட்டுபவர், அதுவரை வாய் திறக்காதவர். அவர் கையை உயர்த்தினார்.

"முதல் பேரைத் திருப்பிச் சொல்லுங்கோ."

அக்கா சொன்னார்.

"அது தாய் வைச்ச பேரில்லை," என்றார் அவர். "எங்கட பாஷையில அதுக்கு 'லாபம்' எண்டு அர்த்தம். வாங்கினவை வைச்ச பேர். ஆனா சின்ன மகளின்ர பேர் இருக்கே, அது 'சந்தோசம்'. அதைத் தாய் வைச்சிருப்பாள் எண்டு நான் நினைக்கிறன்."

அக்காவின் கண்கள் கலங்கின. "அப்ப எனக்கு அந்தச் சின்னவளின்ர பேரைச் சரியாச் சொல்லக் காட்டித் தாங்கோ," என்றார். அவர் சொல்ல, அக்கா திருப்பிச் சொன்னார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு இளைஞன், அப்படியென்றால் கொன்சல் நல்லது செய்தார்தானே, மூன்று பேருக்கு விடுதலை கிடைத்ததே என்றான். இன்னொரு பெண், அது சாட்டு, அதிகாரத்தைப் பிடிக்க நல்ல காரணம் ஒன்று கிடைத்தது என்று பாய்ந்தாள். பேராசிரியை மேசைமேல் ஏறி இருந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள்? விடுதலையோ, அதிகாரமோ?"

"ரெண்டும்," என்றேன். "ஒரே கையெழுத்தில ரெண்டும் நடந்தது. அந்தத் தாய்க்கு அது விடுதலை. சுல்தானுக்கு அது இழப்பு. விடுதலை கிடைச்சவைக்கும் கொன்சல் ஒரு கடுதாசி குடுத்திருக்கிறார், நான் அதையும் வாசிச்சனான். அப்ப வியாபாரியும் கொன்சலின்ர ஆள், அவன்ர வீட்டை விட்டுப் போனவளும் கொன்சலின்ர ஆள். சுல்தானுக்கு ஆர் மிச்சம்?"

பேராசிரியை மேசையிலிருந்து குதித்து இறங்கினார். "பத்து வருஷமா நான் இந்த வகுப்பு எடுக்கிறன்," என்றார், "உந்தக் கேள்வியை இப்படி ஒருத்தரும் கேட்கேல்ல." வகுப்பு முடியும் நேரம் தாண்டி முக்கால் மணித்தியாலம் ஆகியும் ஒருவரும் எழும்பவில்லை. அடுத்த வகுப்புக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பிறகுதான் குளிர்ச்சட்டைகளைத் தேடினோம். படி இறங்கும்போது பேராசிரியை பின்னால் ஓடிவந்து, இந்த ஒரு வகுப்போடு நிறுத்த வேண்டாம், பட்டப் படிப்புக்கே விண்ணப்பியுங்கள், நான் கடிதம் தருகிறேன் என்றார். சொன்னபடியே தந்தார். அந்தப் பட்டத்தை முடிக்க எனக்கு ஏழு வருடம் ஆனது, அது வேறு கதை. மொம்பாசாக்காரர் அக்காவிடம் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொடுத்தார். விடுதலையானவர்கள் குடியேறிய பகுதிகள் தனக்குத் தெரியும், ஊரில் விசாரிக்கலாம் என்றார். அவர் உண்மையிலேயே விசாரித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மூன்று பெண்களும் அந்த வாசலைத் தாண்டி எங்கே போனார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அன்று அது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அக்காவும் நானும் சுரங்க ரயிலுக்கு இறங்கினோம். மேடையிலேயே பேசத் தொடங்கினோம். அந்த இளைஞன் சொன்னதில் பாதி சரி என்றார் அக்கா. நூற்றுக்கு ஒரு வீதமும் சரியில்லை என்றேன் நான். ரயில் வந்தது, ஏறினோம். அக்கா கைகளை விரித்துச் சான்சிபார்க் கடற்கரையை ரயில் இருக்கையில் கீறினார். இது அரண்மனை, இது கொன்சலின் வீடு, இது எங்கட கடை, பார், மூன்றும் இவ்வளவு கிட்ட! நான் எதிர்த்துப் பேச, அவர் என் முழங்காலில் அடிக்க, எதிரே இருந்த ஒரு சீனக் கிழவி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

ரயில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நாங்களும் இறங்கிப் படியேறினோம். வெளியில் வந்து பஸ்ஸைத் தேடினால், எங்கள் பஸ் ஒன்றையும் காணவில்லை. பெயர்ப் பலகையைப் பார்த்தேன். கென்னடி. மேற்கே கிப்ளிங் நிலையத்துக்குப் போகவேண்டிய நாங்கள் நகரத்தின் மறு அந்தத்தில், ஸ்காபரோவில் நின்றோம்.

"என்ன செய்து வைச்சிருக்கிறாய்!" என்றார் அக்கா.

"நான் செய்ததோ? நீங்கள்தான் முதல்ல ஏறினது!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது. ஐஸ் மூடிய நடைபாதையில், நாற்பத்துநாலு வயதும் முப்பத்துநாலு வயதுமான இரண்டு பேர், கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தோம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இங்க கிட்டத்தில எங்கட ஆக்களின்ர கடை இருக்கும். கொத்து ரொட்டி சாப்பிட்டிருக்கிறீங்களோ?"

"இல்லை. காரமோ?"

"சரியான காரம்."

"அப்ப வா," என்று அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். நாலடி போகவில்லை, திரும்பி நின்றார். "ஆனா அந்தப் பெடியன் சொன்னது பாதி சரிதான். அதை நீ ஒத்துக்கொள்ள வேணும்."

"ஒத்துக்கொள்ளமாட்டன்," என்று சொல்லிக்கொண்டே நான் அவரைப் பிடிக்க ஓடினேன்.